சத்தம் மாறினால் சொல்

நாங்கள் அச்சடித்த படிவத்தில் பதினெட்டுக் கேள்விகள்.
‘கவனம்’ என்ற கட்டத்தில்
மார்ச் மாதமே எழுதிவிட்டேன்: குறைவு.
‘பேச்சு’: இல்லை.
பென்சிலால் எழுதினேன் என்பது
இப்போதைக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சிலி நாட்டின் தெற்கே, சிலோயே தீவு.
துறைமுகத்தை ஒட்டி எங்கள் மழலையர் பள்ளி.
தகரக் கூரை.
மழை பெய்வதே
அது நின்ற பிறகுதான் காதுக்குத் தெரியும்.
இருபத்திரண்டு பிள்ளைகளில் யாஸ்னா ஒருத்தி,
நாலு வயது.
கதை நேரத்தில் என் முகம் பார்க்கமாட்டாள்.
சுவரோரத்து எண்ணெய்க் கணப்பின் பக்கம்
காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள்.

பெற்றோர் கூட்டம் மாலை நாலு மணிக்கு.
நாலு மணிக்கு சால்மன் ஆலையில் ஷிப்ட் மாறும்.
சில வாரம் நாலு மணிக்குத்தான் கடல் வற்றும்,
ஊரே சிப்பி பொறுக்கப் போயிருக்கும்.
நாலு மணிக்கு வர முடிந்தவர்
மருந்துக்கடைக்காரர்.
வராதவர் பெயருக்கு நேரே
‘அக்கறை’ என்றொரு கட்டம்.
அதையும் நான் நிரப்பியிருக்கிறேன்.

அவள் அப்பா எவரிஸ்தோ வந்தது
கூட்டத்துக்கு அல்ல,
மகள் மறந்துபோன ஒற்றை ரப்பர் பூட்ஸுக்கு.
காலை ஏழே முக்கால். கழுத்தில் உப்புப் பூத்திருந்தது.
உட்காருங்கள் என்றேன்.
இருந்ததெல்லாம் பிள்ளைகள் நாற்காலி.
உட்கார்ந்தார்; முழங்கால் தாடையைத் தொட்டது.
படிவத்தைப் பார்த்தார். அதாவது,
படிவம் இருந்த திசையைப் பார்த்தார்.
பதினெட்டையும் விட்டுவிட்டு,
ஏனோ,
வீட்டில் அவள் என்ன செய்வாள் என்று கேட்டேன்.

“வேலை” என்றார்.

“நான் மட்டி எடுக்கக் கடலுக்கு அடியில் போவேன்.
மேலே படகில் கம்ப்ரெஸர்.
மஞ்சள் குழாய் வழியாகத்தான் எனக்கு மூச்சு.
குழாயைப் பிடிப்பது என் பெண்சாதி.
சனிக்கிழமை இவளும் வருவாள்,
கம்பளி சுற்றி ஒரு மூலையில் இருப்பாள்.
சத்தத்தைக் கேள், மாறினால் சொல்,
நடுவில் பேசாதே என்று சொல்லியிருக்கிறோம்.
இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.”

இரண்டு தடவை, என்று திரும்பச் சொல்லி
பூட்ஸைக் கவிழ்த்து மணலைத் தட்டினார்.

எனக்கு வாய் வரவில்லை.
கணப்பு உறுமிக்கொண்டிருந்தது.
அவரே கேட்டார்:
“இங்கே வேலை முடிந்தது என்று
அவளுக்கு யார் சொல்வது?
படகில், நான் ஏறியதும்,
‘ஆள் மேலே’ என்பாள் அவள் அம்மா.
அதற்குப் பிறகு வாயை மூடவே மாட்டாள்.”

அன்று பத்து மணிக்குக் கணப்பை அணைத்தேன்.
“ஆள் மேலே” என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.
யாஸ்னா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
பிறகு சொன்னாள்:
“இது செவ்வாய்க்கிழமையிலிருந்தே சரியில்லை.
உள்ளே எதுவோ கழன்றிருக்கிறது.
உனக்குக் கேட்கவில்லையா?”

கேட்கவில்லை, கண்ணே.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வந்து
கணப்பைப் பிரித்தார்கள்.
ஒரு திருகாணி. பட்டாணி அளவு.
கூட்டத்தை இப்போது படகுத்துறையில் வைக்கிறோம்,
கடல் விடும் நேரத்தில்.
சிலர் வருகிறார்கள். போன வாரம் ஒருவரும் இல்லை,
காற்றும் நானும்தான்.

அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து
அந்தப் பக்கத்து எழுத்து தெரிகிறது.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
அப்படியே விட்டிருக்கிறேன்.

அடுத்த பெயர் பாஸ்துவால்.
‘கவனம்’: குறைவு. என் கையெழுத்துத்தான்.
அவன் அம்மாவுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
நாளை விடியலில் அந்த வாசலில் போய் நிற்பேன்.
களைத்து வருகிறவளிடம்
எதை முதலில் கேட்பது?