அம்மீட்டர் முள்

பழைய ஆல்டர்நேட்டரின் மூன்றாவது போல்ட்
அசைய மறுத்தது.
எண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டேன்.
காற்று தகரக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
சான் ஹூலியனில் அதெல்லாம் ஒரு செய்தியே அல்ல.

முப்பத்தைந்து ஆம்பியர், அவ்வளவுதான் அதன் சம்பாத்தியம்.
விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி
மூன்றையும் போட்டால்
மாசக்கடைசி மாதிரி மங்கிப்போகும் எங்கள் வேலியன்ட்.
இப்போது நாலாவதாக ஒரு வாய்:
வென்செஸ்லாவின் ஆக்ஸிஜன் பெட்டி.
அதற்கு மட்டும் பன்னிரண்டு வேண்டும்,
விடாமல்.
ரியோ காஷேகோஸ் ஆஸ்பத்திரி முந்நூற்றறுபது கிலோமீட்டர்.
வழியில் ஒரே ஓர் ஊர்;
மற்றபடி குவானாக்கோ, கம்பிவேலி, மறுபடியும் குவானாக்கோ.

புதியது குராபிலின் உடைசல் கிடங்கில் கிடைத்தது,
கவிழ்ந்த ரெனோ ஒன்றின் வயிற்றிலிருந்து.
தொண்ணூறு ஆம்பியர்.
"ஓட்டினவனுக்கு ஒண்ணும் ஆகல" என்றான்,
நான் கேட்காமலே.
கேட்காமலே விலையையும் குறைத்தான்.

அதன் காது அரை அங்குலம் தள்ளியிருந்தது.
நாலு வாஷர் அடுக்கினேன்; பெல்ட் நேரானது.
பெயின்ட்டைச் சுரண்டி
இன்ஜின் பளபளக்கும்வரை தேய்த்து எர்த் கொடுத்தேன்.
பழைய ரெகுலேட்டர் பெட்டிக்கு இனி வேலை இல்லை,
வயர்களுக்கு டேப் சுற்றி அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன்.
புதியது தானாக விழிக்காது.
எழுப்பிவிட ஒரு சின்ன பல்பு வேண்டும்,
அதைத் தொப்பி ஊசி அளவு ஓட்டையில் பொருத்தினேன்.

டேஷ்போர்டைப் பிரித்தபோது
சமையலறையிலிருந்து குரல் வந்தது,
பாதி மூச்சில்:
"முள்ளைத் தொடாதே, நேலிதா."

நாற்பத்தொரு வருஷம் அந்த முள்ளைப் பார்த்தே ஓட்டியவன்.
வலது பக்கம் சாய்ந்தால் வரவு,
இடது பக்கம் சாய்ந்தால் செலவு.
வீட்டுக் கணக்கை என்னிடம் விட்டான்,
இதை விடவில்லை.

தொடாமல் எப்படி?
வண்டியின் மொத்த மின்சாரமும்
அந்த முள்ளின் முதுகில் ஏறித்தான் போகிறது.
சுவரைத் துளைத்து வரும் பிளக்
ஏற்கெனவே கருகிய சர்க்கரை நிறம்.
முப்பத்தைந்துக்கே இந்தக் கதி.
தொண்ணூறு வந்தால்
நடுவழியில், நடு இரவில்,
அவன் முழங்காலுக்கு மேலே தீப்பிடிக்கும்.

பின்னாலிருந்த இரண்டு வயரையும் ஒரே திருகில் கட்டினேன்.
விரல் தடிமனில் புதிய வயர்,
ஆல்டர்நேட்டரிலிருந்து நேராக பேட்டரிக்கு.
நடுவில் நூறு ஆம்பியர் ஃப்யூஸ்.
முள்ளுக்கு வெளியே ஒரு சுற்றுவழி.

சாயங்காலம்
மூக்குக் குழாயும் செருப்புமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.
எல்லாவற்றையும் போட்டேன்.
எதிர்ச்சுவரில் வெளிச்சம் சுருங்கவே இல்லை.
பெட்டி சீராக மூச்சுவிட்டது.
அவன் கண்ணாடியை நகத்தால் தட்டினான்.
முள் நடுவில்,
வரவும் இல்லாமல், செலவும் இல்லாமல்.

"செத்துப்போச்சா?"
"இல்லை. கரண்ட் வேற வழியா போகுது.
இதுக்குச் சேதி வராது, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
"டாக்டரும் உனக்குத்தானே போன் பண்றார்" என்றான்.

நான் சாவியைத் திருப்பினேன்.
விசிறி கடைசியாக நின்றது.

விடியுமுன் கிளம்பினோம்.
மல்டிமீட்டரை சிகரெட் லைட்டரில் இணைத்து
அவன் மடியில் வைத்தேன்.
பத்துப் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை படித்தான்:
பதினாலு புள்ளி ஒண்ணு.
பதினாலு புள்ளி ஒண்ணு.
மழை பிடித்ததும் வைப்பரைப் போட்டேன், பதினாலு.

பியத்ராபுவேனா தாண்டி
ஆற்றுப்பாலம் முடிந்த இடத்தில்
டாக்டர் என்னிடம் சொல்லியிருந்த எண்ணைச் சொன்னேன்,
எத்தனை மாதம் என்று.

லாரி ஒன்று எதிரே வந்து போனது.
கண்ணை மடியிலிருந்து எடுக்காமல்
"பதிமூணு புள்ளி ஒன்பது" என்றான்.