நான்காம் எண் தண்ணீர் மெத்தை

வியாழக்கிழமைகளில் அண்டியாபீசில்
மத்தியானத்துக்குமேல் இருக்கமாட்டேன்.
கணக்குப்பிள்ளை முறைப்பார்,
பாதிக்கூலியைப் பிடித்துக்கொண்டு விடுவார்.
கருங்கல் சந்தை முக்கில்
நர்ஸ் பிரபுல்லாவின் ஸ்கூட்டர் நிற்கும்.
பின்னால் ஏறி
மடித்த மெத்தையை மடியில் வைத்துக்கொள்வேன்,
தூங்கும் பிள்ளையைப் போல என்று சொல்ல ஆசைதான்.
நனைந்த தார்ப்பாயைப் போலத்தான் இருக்கும்.

சங்கத்துக்கு மொத்தம் ஐந்து மெத்தைகள்.
மூன்றாம் எண் ஒழுகும்.
திக்கணங்கோட்டில் சைக்கிள்கடை தாசையன்
சொல்யூஷன் தடவி ஒட்டித் தருவார்.
காசு வாங்கமாட்டார்.
"இதுக்க மேல ஆரு கெடந்தா?" என்று மட்டும் கேட்பார்.
சொன்னால், "ஓ, அவனா."
எல்லோரையும் அவருக்குத் தெரியும்.
எல்லோரிடமும் ஒருகாலத்தில் சைக்கிள் இருந்தது.

நோட்டில் நான்கு கட்டங்கள்:
பெயர், ஊர், கொடுத்த நாள், திரும்பிய நாள்.
ஏன் திரும்பியது என்று
ஒரு கட்டம் வரைய யாருக்கும் தோன்றவில்லை.

புண் கழுவுவது பிரபுல்லா.
நான் நகம் வெட்டுவேன், தலை கழுவுவேன்,
புரட்டிப் படுக்கவைக்க ஒருபக்கம் பிடிப்பேன்.
அண்டி எண்ணெய் தின்ற கறுத்த விரல்கள்.
கப்பியறையில் ஒருத்தி சொன்னாள்,
"கைய கழுவிட்டுத் தொடு."
கழுவிவிட்டுத்தான் நின்றேன்.
மறுவாரம் அவளுக்கு அது மறந்துவிட்டது.
எனக்கு இல்லை.

ஐப்பசி மழையில்
பாலப்பள்ளத்துத் தபசிமணி தென்னையிலிருந்து விழுந்தான்.
முப்பத்துநாலு வயது.
இடுப்புக்குக் கீழே தன் உடம்பு
பக்கத்துவீட்டுக்காரனுடையது போலக் கிடக்கிறது என்றான்.
முதுகில் உள்ளங்கை அகலம் புண்.
அவன் பெண்டாட்டி விமலாபாய் தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள்:
"அக்கா, மெத்த வந்துதா?"

நான்காம் எண் மத்திகோட்டில் இருந்தது,
ஞானம்மாளுக்கு அடியில்.
டாக்டர் பத்துநாள் என்று சொல்லி
ஐம்பதுநாள் ஆகியிருந்தது.
அவள் மகனுக்கு போன் போட்டேன்:
"அம்மைக்கு எப்படி இருக்கு?"
"கொள்ளாம் அக்கா. இன்னைக்குக் கஞ்சி குடிச்சா."

நல்லது என்றேன்.
போனை வைத்தபிறகுதான் தெரிந்தது,
எனக்குள் ஏதோ ஒன்று
அதைக் கேட்டு ஏமாந்திருந்தது.

அன்றைக்கு மரச்சீனி இறங்கவில்லை.
புருஷன் கேட்டதற்கு உப்பு இல்லை என்று சொன்னேன்.
உப்பு இருந்தது.

அடுத்த வியாழன்
ஞானம்மாளின் தலையை
தேவைக்குமேல் நேரமெடுத்துக் கழுவினேன்.
கண்ணைத் திறக்காமலே அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்:
"இத எடுத்துட்டுப் போயிராத மக்களே."
எடுக்கமாட்டேன் என்றேன்.
பிரபுல்லா கையுறையைக் கழற்றியபடி
வேறெங்கோ பார்த்தாள்.

பிறகு நேராகத் தாசையன் கடை.
மூன்றாம் எண்ணை விரித்துப்போட்டு,
தண்ணீர்த்தொட்டியில் அமுக்கி அமுக்கி
குமிழி வரும் இடமெல்லாம் தேடினோம்.
மூன்று ஒட்டு.
"ரெண்டு மாசம் தாங்கும்," என்றார்,
"சாமிகிட்ட எழுதி வாங்கினது இல்ல, பாத்துக்க."

விமலாபாய் பதினாறு குடம் சுமந்தாள்.
நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.
நாலுபேர் சேர்ந்து அவனைத் தூக்கிப் போட்டோம்.
மெத்தை அசைந்தது, அவன் அசைந்தான்,
பயந்து, பிறகு சிரித்தான்:
"வள்ளத்துல கெடக்கியது மாதிரி இருக்கு."
"நீங்க எப்ப வள்ளத்துல போனிய?" என்றாள் அவள்.
"போனதே இல்ல."

இருட்டும்வரை இருவரும்
கட்டிலுக்கடியில் தரையைத் தடவிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி இரண்டரைக்கு போன் அடித்தது.
மத்திகோடா, பாலப்பள்ளமா
என்று பார்க்காமலே கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
"ஒளுகல்ல அக்கா," என்றாள் விமலா.
"இப்பவும் பாத்தேன். சும்மா சொல்லலாம்னு."

ஏழரைக்குச் சங்கு ஊதும்.
சாம்பலைத் தொட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டு
அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன்.