அறுபத்தொரு சதவீதம்

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது.
கரையேறி சிக்னல் பிடித்ததும் போனில்
முதலில் டீசல் பாக்கி,
அடுத்தது ஒரு ஞானஸ்நான அழைப்பு,
மூன்றாவதாக இது:
தங்கள் வாசிப்புக் கருவி பழையதாகிவிட்டது,
வரும் மாதம் இருபதாம் தேதிக்குப் பின்
புதிய புத்தகம் எதுவும் அதில் இறங்காது,
இருப்பவை இருக்கும்,
புதிய கருவிக்குத் தள்ளுபடி உண்டு.

இருப்பவை இருக்கும்.
அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது.
படித்தது எழுபது வராது.

நான் படகில் டிரைவர்.
வீடு வள்ளவிளை, ஆண்டில் ஒன்பது மாதம்
ஆழ்கடலில் தங்கல்.
என் இன்ஜினுக்குப் பத்தொன்பது வயது.
ஒரு சாமான் எப்போது செத்தது என்று எனக்குத் தெரியும்.
சத்தம் மாறும், எண்ணெய் கறுக்கும்,
ஸ்பேர் கேட்டால் கடைக்காரன் சிரிப்பான்.
கடிதம் வந்து ஒன்றும் சாவதில்லை.

ஆனாலும் பொய் சொல்லக் கூடாது.
முன்பு ஒரு சார்ஜில் ஒரு தங்கலே ஓடும்.
இப்போது ஒன்பதாம் நாள் மூச்சிரைக்கிறது.
பக்கம் திருப்பினால் ஒருமுறை கறுத்து
யோசித்துவிட்டுத்தான் வெளுக்கிறது.
வெளிச்சம் கிடையாது, தலையில் டார்ச் கட்ட வேண்டும்.
தமிழ்தான் பெரும்பாடு.
கொம்பு எழுத்தைவிட்டு நழுவிப்போய்
பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம்
ஆள் வராத நாற்காலிபோல் நிற்கும்.
பழகிவிட்டது.
சரியான அச்சில் படித்தால்தான் இப்போது
என்னவோ குறைகிறது.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை.
பையன் புதியதை எடுத்துக் காட்டினான்.
மஞ்சள் வெளிச்சம், வெள்ளை வெளிச்சம்,
"தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது அண்ணே."
சிரிப்பு வந்துவிட்டது.
நாங்கள் கிடக்கும் இடத்தில்
தண்ணீரில் விழுந்த எதுவும்
ஆனதா ஆகவில்லையா என்று
திரும்பி வந்து சொன்னதில்லை.
விலை பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம்.
போன தங்கலில் டீசல், ஐஸ், அரிசி கழித்து
என் பங்கு பதினொன்று.
தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கிக்கொண்டு
பஸ் ஏறினேன்.

வாங்கவில்லை, உள்ளதே ஓடும் என்று
பெல்சியாவிடம் சொன்னேன்.
சாளை அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.
"கேட்டியளா, ஒங்களுக்கு ஓடும்.
எனக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"போன தடவ நீங்க கிளம்பும்போ
அறுபத்தொரு சதவீதத்துல இருந்தேன்.
வக்கீலுக்க தம்பி கிணத்துல கெடக்கான்.
யாரு தள்ளினான்னு தெரியாம
நாப்பத்திமூணு நாளு
சோறு வச்சேன், துணி அலசினேன், பூசைக்குப் போனேன்.
வாறவன் போறவன் எல்லாம்
தள்ளினவன் மாதிரியே இருந்தான்."

லட்சத்தீவுக்கு மேற்கே ஓர் இரவு
நானும் அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறேன்.
நடுவில் நின்றது.
தெரியாமல் என் கைதான் பட்டிருக்கும் என்று
முதல் பக்கத்துக்கு இழுத்து
நாலு சதவீதத்தில் அலுத்து மூடினேன்.
அவள் விட்ட இடத்தை
நடுக்கடலில் நான்தான் அழித்திருக்கிறேன்.

இன்று அதிகாலை நாலரை.
தோப்பும்படிக்குப் போகும் வேன்
குருசடி முன்னால் நின்று ஹாரன் அடிக்கிறது.
ததேயு ஏறிவிட்டான், கிளீட்டஸ் ஏறிவிட்டான்.
அடுக்களைப் படியில் அவள்
என் டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு படிக்கிறாள்.
"இன்னும் எத்தனை?"
நிமிராமல் ஒரு விரலைத் தூக்கினாள்.
ஒரு சதவீதமா, ஒரு நிமிடமா,
பேசாதே என்பதா.

பேட்டரி ஆறில் நின்றது.
பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்து
ஒரு முனையை அவள் மடியிலும்
மறுமுனையைச் சுவரிலும் செருகினேன்.
பைக்குள் அந்த இடத்தில்
இன்னொரு லுங்கி வைத்தேன்.