கழுவுமிடம்

நாற்பத்தேழு தட்டு.
நாமக்கல் வண்டியில் வந்த
நாற்பத்தேழு முட்டை.
அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு
கிராம் பிசகாமல் அளந்து
ஒன்பதரைக்குள் பதிவேட்டில் ஏற்றிவிடுவேன்.
அதன்படி
நரியனஅள்ளித் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்
நேற்றும் கீரை தின்றார்கள்.

நிஜம் குழாயடிக்குப் பின்னால் ஓடுகிறது.
சிமெண்டு வாய்க்கால் மண்ணில் முடிகிற இடத்தில்
முருங்கை இலை பச்சையாய் மிதந்து வரும்,
பின்னாலேயே கேரட் வில்லைகள்.
காத்துக்கொண்டிருக்கும்
உதவியாளர் இருசம்மாவின் பதினோரு கோழிகள்.
எங்கள் ஒன்றியத்திலேயே
இரும்புச்சத்துக் குறையாத உயிர்கள்
அவைதாம்.

ஆடி முடியும்போது நர்ஸ் வந்தாள்.
இரண்டாம் வகுப்பு பூவிதாவின்
கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.
எழுதாத பக்கம்போல் இருந்தது.
"சத்துணவு போடறீங்க இல்ல?" என்றாள்.
அந்த "இல்ல"
கேள்வியா பதிலா என்று
பென்னாகரம் பஸ் வரும்வரை
எனக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து பந்தியில் நிற்கவில்லை நான்.
வாய்க்கால் ஓரம் செங்கல் போட்டு உட்கார்ந்தேன்,
யார் தட்டிலிருந்து எது விழுகிறதென்று.

மூன்றாம் நாள் தீர்த்தகிரி
நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான்.
ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்
காவி பூசிவிட்ட பற்கள்.
"கடிச்சா கூசுது டீச்சர்.
கீரைக் குச்சி வேற மாட்டிக்குது."

ஆறு வருடமாக எழுதி வந்திருக்கிறேன்,
என் கையெழுத்தில், குறிப்புப் பத்தியில்:
"மாணவர்கள் காய்கறி விரும்புவதில்லை."

சமையலர் மாரக்கா
கரண்டியை அண்டா விளிம்பில் தட்டிச் சொன்னாள்:
"நீ எழுதற, நான் வேக வைக்கறேன்.
மெல்லறது யாருன்னு
ரெண்டு பேரும் பாக்கல."

அதற்குப் பிறகு
ஈர்க்கு உருவிய இலை மட்டும்.
பருப்போடு குழைய வேகவிட்டு
மத்தால் கடைந்தோம்.
கேரட்டைத் துருவினோம்.
வேர்க்கடலை வறுத்துப் பொடித்துத் தூவினோம்
(கடலைக்குப் பத்தி இல்லை, பணமும் இல்லை,
மாரக்காவின் கொல்லைக் கடலை அது).

கேழ்வரகு கேட்டுத்தான் தெருவில் இறங்கினேன்.
மாரியம்மன் கூழுக்குப் படியளக்கிற ஊர்,
பிள்ளைகளுக்கு அளக்காதா என்றுதான்.
ஏழு வீடு அளந்தது.
எட்டாவது வீட்டில் காவேரியப்பன் சொன்னார்:
"நாங்க களி தின்னு வளந்தது போதும்.
அது ஜெயில் சோறு.
எம்புள்ள வெள்ளச் சோறு திங்கட்டும்."
பதில் இருந்தது என்னிடம்.
சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து, பயிற்சியில் கொடுத்த தாள்.
அவர் உள்ளங்கையைப் பார்த்தபோது
எதுவும் வாயில் வரவில்லை.
களி என்ற சொல்லை விட்டுவிட்டு
வியாழக்கிழமைகளில்
முருங்கையிலை அரிந்துபோட்ட அடை என்று மாற்றினோம்.
ஓரம் முறுகாமல், பல் கூசாமல்.
அவர் மகன் மூன்று தின்றான்.
வீட்டில் சொன்னானா, தெரியாது.

பாலக்கோட்டு மண்டியில் விலை விழுந்த வாரம்
இரண்டு கிரேடு தக்காளி
கேட்டருகே இருந்தது. ரசீது இல்லை, பெயர் இல்லை.
ரசத்தில் கரைத்துவிட்டோம், கணக்கு வராமல்.

எல்லாம் நல்லபடியாக என்று சொல்ல மாட்டேன்.
பாகற்காய் இன்னும் வாய்க்காலில்தான் போகிறது.
கேஸ் தீர்ந்த நாளில் வெறும் சாம்பார்தான்.
பூவிதாவின் இமைக்குள்
ரோஜா நிறம் லேசாகத் தெரிகிறது,
அல்லது அன்றைக்கு வெயில் அதிகம்.

ஐப்பசியில் ஒருநாள்
இருசம்மா இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள்.
"பதினோரு கோழி, மூணு வாரமா
ஒண்ணுகூட முட்டை வெக்கல.
தீனிக்கு யாரு பதில் சொல்றது?"

பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி, வருகை, அரிசி, பருப்பு.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
"குழாயடிக் கோழிகள் இளைத்துவிட்டன."

தணிக்கைக்கு வந்தவர்
அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து
ஓரத்தில் போட்டார்:
விளக்கம் தேவை.