கோடியில் ஒன்று

ஓலு, வட பின்லாந்து. டிசம்பர்.
காலை பத்தரைக்கு வந்த சூரியன்
இரண்டு மணிக்கெல்லாம்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.
அடித்தளத்தில் எனக்குச் சன்னல் இல்லை;
ஆகவே நட்டமும் இல்லை.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
குப்பியின் மூடியில் நாற்பத்தேழு.
எதிர்க்கட்டடத்து அறுவை அரங்கிலிருந்து
பனிக்கட்டிப் பெட்டியில் வந்தவை
உங்கள் செல்கள்.

மருந்து விட்டு ஆறு மணி நேரம்.
நுண்ணோக்கியில் பார்த்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கின்றன,
வாடகை பாக்கி வைத்தவர்கள்
கதவு தட்டப்படும்போது
உள்ளே இருப்பதுபோல்.

அதனால் ஒளியை அனுப்புகிறேன்,
கண்ணுக்குப் பாதிதான் தெரிகிற சிவப்பை.
போனது போனபடியே திரும்பி வருகிறது,
எதையும் பார்க்காத சாட்சி மாதிரி.
கோடியில் ஒன்றுதான்
உள்ளே ஏதோ ஒரு பிணைப்பின் நடுக்கத்தில் பட்டு
கொஞ்சம் இழந்து
நிறம் மாறி வருகிறது.
மற்றதையெல்லாம் வடிகட்டியில் நிறுத்திவிட்டு
அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பது என் வேலை.
சம்பளமும் தருகிறார்கள்.

ஏழே முக்காலுக்குத் திரையில் ஒரு முள்.
நெட்டுக்குத்தாக, ஊசிபோல்.
"ரைமோ!" என்று கத்தினேன்.
காபிக் கோப்பையோடு வந்தவன்
உட்காரக்கூட இல்லை.
"விண்கதிர்."
எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம்
கூரையையும் மூன்று மாடிகளையும் தாண்டி
என் உணரியில் விழுந்திருக்கிறது.
"அழித்துவிடு" என்றான்.
அழித்தேன்.

மறுபடி எடுத்தேன். மறுபடி. பதினோரு முறை.
முள் வரவில்லை.
அது நின்ற இடத்துக்கு வெகு தள்ளி,
கொழுப்பின் மேட்டருகே,
சின்னதாக ஒரு தோள் எழும்பியிருந்தது,
தூக்கத்தில் புரண்டவருடையதைப்போல்.
டி.என்.ஏ.வின் உச்சி
மயிரிழை தாழ்ந்திருந்தது.
பதினோரு முறையும்.

நுண்ணோக்கிக்குத் திரும்பினேன்.
இன்னும் நடித்துக்கொண்டிருக்கின்றன.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
இது சிகிச்சை அல்ல. ஒரு குப்பி, ஓர் இரவு.
குறிப்பேட்டில் 'மாற்றம்' என்று எழுதி
அடித்து
'மாற்றம் போலத் தெரிகிறது' என்று எழுதி
'போல'வை மட்டும் அடித்து
பிறகு அதையே திரும்ப எழுதினேன்.

எட்டரைக்குப் பஸ் நிறுத்தம். மைனஸ் பத்தொன்பது.
எதிர்க்கட்டடத்தின் நான்காம் மாடியில்
யாரோ திரைச்சீலையை விலக்கி
பனியைப் பார்க்கிறார்கள்.
நீங்களாக இருக்க வாய்ப்பு குறைவு.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
கோடியில் ஒன்றைவிட எவ்வளவோ அதிகம்.

கையுறையைக் கழற்றாமல்
கையை ஆட்டினேன்.