மிதிபடுபவை

கானாடுகாத்தானில் கல்யாணம்.
செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்,
ட்ரம்ஸ் வாசிக்கும் பிலவேந்திரனும் நானும்கூட.
அதனால்
எந்தப் பெட்டி எங்கே என்று
கண்ணைவிடக் கால் பெருவிரலுக்கே
நன்றாகத் தெரியும்.

பகலில் கல்லுக்கட்டியில் இன்வெர்ட்டர் சர்வீஸ்.
முகூர்த்த நாட்களில் பேஸ் கிட்டார்.
நாலு கம்பிதானே,
அதுக்கு எதுக்கும்மா இத்தனை டப்பா?
தாம்பூலப் பையோடு வந்து
யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

டப்பா ஐந்து.
ஒட்டியிருக்கும் பலகை
முனீஸ்வரன் கோயில் தெருவில்
இஞ்சுக் கணக்கில் வாங்கியது.
ஏதோ ஒரு கதவின் மேற்சட்டம்,
செதுக்கிய கிளியில் பாதி மிச்சம்.
ஆக்டேவ் பெட்டி அதன் மூக்கின் மேல்.

முதலில் வாங்கியது தப்பு.
துபாய்க்குப் போன கிட்டார்காரன்
பாதி விலைக்குக் கொடுத்த டிஸ்டார்ஷன்.
மிதித்தேன்.
உறுமல் வந்தது, அடி போய்விட்டது.
மேலே நுரை,
டம்ளருக்குள் காபி இல்லை.
நம் கம்பியின் சொந்தக் குரலையும்
ஓரமாக ஓடவிடுகிற
ஒரு குமிழ் இருக்கிறதா என்று
பார்த்து வாங்க வேண்டும்.
அதைக் கற்றுக்கொள்ள
எனக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

கம்ப்ரஸர் இருப்பது யாருக்கும் தெரியாது.
எல்லா இலைக்கும்
ஒரே அளவு சோறு விழுகிற பந்தியில்
பரிமாறுகிறவர் முகம்
யாருக்கு ஞாபகம் இருக்கும்?
அணைத்துப் பாருங்கள், தெரியும்.

ரிவெர்ப்பை வாங்கி, விற்றுவிட்டேன்.
இந்த ஊர் வீட்டுக்குள் அதைக் கொண்டுவருவது
கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை.
ஒரு தட்டுத் தட்டினால்
இரண்டாங்கட்டுவரை போய்
நின்று நிதானமாகத் திரும்பி வருகிறது.

முதல் வருஷம்
ஒரே அடாப்டரில் ஐந்தையும் கோத்திருந்தேன்.
ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும்
ஐந்தும் சேர்ந்து முனகின.
இன்வெர்ட்டர் பார்க்கிறவளுக்கு
இது தெரிய வேண்டாமா என்றான் பிலவேந்திரன்.
இப்போது வேறு வைத்துவிட்டேன்,
இந்த வீடுகளில்
கல்யாணமான பிள்ளைகளை வைப்பது போல:
ஒரே வளவு, தனித்தனி அடுப்பு.
முனகல் இல்லை.

வாத்தியத்தைக் காலால் தொடலாமா என்று
ஆரம்பத்தில் ஒவ்வொரு மிதிக்கும்
விரல் கண்ணுக்குப் போகும்.
அப்படியே வாசித்தால் பாட்டு என்ன ஆவது?
பூஜையன்று ஐந்துக்கும் பொட்டு வைக்கிறேன்.
மறுநாள் கச்சேரியில்
அந்தக் குங்குமம் என் உள்ளங்காலில்.

அன்றைக்கு மூன்றாவது பாட்டு.
கிளி மூக்கில் கால் வைத்தேன்.
கீழே இன்னொரு கீழ் திறந்தது.
பாட்டு முடிவதற்குள்
தோளில் துண்டோடு ஓடி வந்தார்
சமையல் மாஸ்டர் அடைக்கலம்.
"என்னம்மா அது,
பாயச அண்டா மூடி
தாளம் போடுது!"

இடைவேளையில்
கிட்டாரைப் பிலவேந்திரனிடம் கொடுத்து
ஒவ்வொரு கட்டையாக அழுத்தச் சொல்லிவிட்டு
அடுப்படிக்குப் போனேன்.
ஈ: ஒன்றுமில்லை.
எஃப்: மூடி பேசியது.
உள்ளங்கையை வைத்தேன்.
சுடச்சுட, என் சுரம்.
நான் வாங்கிய எந்த ஸ்பீக்கரும்
அதை இவ்வளவு பத்திரமாகப்
பிடித்து வைத்திருந்ததில்லை.
ஃப்ஷார்ப்: திரும்பவும் வெறும் மூடி.

மூன்று மணியைப் பார்த்திருந்த குமிழைப்
பத்து மணிக்குத் திருப்பினேன்.
முழுக்க அணைக்க மனசு வரவில்லை.
எஃப் வருகிற இடமெல்லாம்
கடன்காரன் வீட்டைக் கடப்பது போல
மெதுவாக நடந்தேன்.

ஏழாவது பாட்டின் நடுவில்
ஒரு பையன் டம்ளரோடு வந்தான்.
மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்:
பாயசம் இறக்கியாச்சு.
இனி மிதி.