விழப்போகிற எருது

லுசாக்காவிலிருந்து வினைல் சுருள்
பேருந்துக் கூரையில் கோழிக்கூண்டுகளோடு வருகிறது.
ஒரு முனை எப்போதும் நசுங்கியிருக்கும்.
நசுங்காத மிச்சத்தில் சம்பாதிப்பேன்,
நசுங்கிய முக்கால் அடியில்
'கதவை மூடவும்' வெட்டிக்கொள்வேன்.
கிட்வேயில் மூடாத கதவுகளுக்குப் பஞ்சமில்லை.

தகடு, பெர்ஸ்பெக்ஸ், ஒட்டுத்தாள்,
இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீர்ப் புட்டி.
இயந்திரம் கீறிவிட்டுப் போனதும்
எழுத்தல்லாததை எல்லாம்
ஊசிமுனையில் கிள்ளி உரிப்பவள் ன்கான்டு.
பி எழுத்தின் இரண்டு வயிறுகளையும்
முழங்கையில் ஒட்டிவைத்துக்கொள்வாள்.
சாயங்காலம் பஸ்ஸில் அவளைப் பார்க்கிறவர்கள்
அம்மை என்று தள்ளி உட்காருகிறார்களாம்.

வெள்ளி, சூரியன் இறங்கினால் கடை இல்லை.
சனி, சூரியன் இறங்கும்வரை இல்லை.
அதையும் பலகையாகவே மாட்டியிருக்கிறேன்,
பச்சையில் வெள்ளை, ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி.
குத்திவிடலாம் என்பாள் ன்கான்டு. விடமாட்டேன்.
ஞானஸ்நானம் எடுத்த வாரம்
ஈரத் தலையோடு அவசரமாக ஒட்டியது அது.

மதுக்கடைகளுக்கு எழுதுவதில்லை.
ம்வாபே வந்து நின்றபோது
'திறந்திருக்கிறது' மட்டும் செய்து கொடுத்தேன்.
அந்தச் சொல் பாவமா என்று
மூப்பரை இன்னும் கேட்கவில்லை.
முழுப்பணமும் முன்னால் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று காலை ஆறிலிருந்து மின்சாரம் இல்லை.
நகராட்சி ஆள் மத்தியானம் வந்தான்.
சந்தைக்குப் பின்னால் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில்
கரிமூட்டையும் சைக்கிளுமாக ஒரு பையன்.
தொடை எலும்பு.
அபாயப் பலகை வேண்டும், இன்றே;
பணம் அடுத்த மாதம்.
அவர்களுடைய அடுத்த மாதம்
எந்த நாட்காட்டியிலும் அச்சாகாதது.

ஐந்து நாற்பதுக்கு விளக்கு வந்தது.
சுரங்கக் கசடுமேட்டுக்கு மேல் சூரியன் ஒரு சாண்.
டி, ஏ, என் வெட்டி முடிந்தது.
ஜி பாதி வளைவில் இருக்கும்போது
மேடு கறுத்துவிட்டது.
சுவிட்சை அணைத்தேன்.
கத்தி வினைலுக்குள்ளேயே நின்றது.

"நான் ஞாயிற்றுக்காரிதானே, நான் முடிக்கட்டுமா?"
உன் வேலைக்காரியும் ஓயட்டும் என்றுதானே கட்டளை.
போ, என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

ஜெபம் முடிந்து மூப்பர் சிபுலுவைப் பிடித்தேன்.
"குழியில் விழுந்த எருதைத் தூக்கலாம், மகளே, தடையில்லை."
"விழப்போகிற எருதை?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.

கடையைத் திறந்தேன். இயந்திரத்தைத் தொடவில்லை.
எழுத்துப்பிழையால் திரும்பி வந்த
சலூன் தகடு ஒன்று மூலையில் கிடந்தது.
அதன் முதுகில், டார்ச் வெளிச்சத்தில்,
தோல் கட்டிய சிவப்பு எனாமலைக் கலக்கி
பெம்பாவில் 'பள்ளம்' என்று எழுதினேன்.
தூரிகை பிடித்து ஒன்பது வருடம்.
எழுத்துகள் மேட்டில் ஏறுகிறவர்கள் மாதிரி
முன்னால் குனிந்திருந்தன.
கூலியில்லாததால் இது வேலையில்லை என்று
தேவனிடம் வாதாடவும் இல்லை.
வேலைதான்.
இடுப்பு சொன்னது.

இரண்டு கம்புக்கு நடுவே கம்பியால் கட்டினேன்.
பெயிண்ட் காயவில்லை, புழுதி வந்து ஒட்டியது.
என் சட்டைக் கையிலும் பாதி 'பள்ளம்'.

ஞாயிறு போய்ப் பார்த்தால் பலகை இல்லை.
பள்ளம் இருந்தது.
நல்ல தகடு இரண்டு இரவு தாங்காது இந்த ஊரில்.
அதனால்தான் எல்லாவற்றிலும் ஓட்டை போடுவேன்,
அடுப்புக்கும் உதவாது, கூரைக்கும் உதவாது.
அன்று துளைப்பானைத் தொடவும் மனம் வரவில்லை.

மிச்ச ஜி, இ, ஆர் வெட்டினோம்.
பதினொரு ஓட்டை போட்டேன், கோபத்தில் ஒன்று கூடுதல்.
நகராட்சிக்கு ஒரு பலகைக்குத்தான் ரசீது.

போன புதன் சிம்வெம்வே பக்கம்
ஒரு வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மேலே பார்த்தேன்,
குனிந்த சிவப்பு எழுத்து, தலைகீழாக.
வீட்டுக்காரியிடம் ஒன்றும் கேட்கவில்லை.
அதன் நிழலில் ஒரு வெள்ளாடு
கால்களை மடித்துப் படுத்து
நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.